யாளி தொடாத கை

வெற்றுக் குடத்தின் வாயில் காதை வைத்தால் ஒரு சத்தம் கேட்குமே, அதைப் போன்ற சத்தம்.

அதைக் கேட்டபோது அரிஞ்சிக்கு ஒன்பது வயது. அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தாள். வெண்மலைப் புல்வெளியில் ஒரு யாளி நடந்து வந்து, யாரோ ஒரு பெண்ணின் வலது மணிக்கட்டைத் துதிக்கையால் சுற்றிப் பிடித்தது. அப்போதுதான் அந்தச் சத்தம். யாளியின் நெஞ்சிலிருந்து வந்ததா, அந்தப் பெண்ணின் நெஞ்சிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“நல்லவர்களைத்தான் யாளி பிடிக்கும்,” என்றார் அப்பா.

அப்படியானால் என்னையும் ஒரு நாள் பிடிக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

*

“ஆசானே, இது அநியாயம்.”

முப்பது வருடம் கழித்து, வெண்மலைக் கொட்டிலின் வாசலில் நின்று அரிஞ்சி இதைச் சொன்னாள்.

ஆசான் புல்லுக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவளைவிட நான்கு வயது இளையவர்.

“எது அக்கா?”

“எல்லாமும்தான்.”

“எல்லாமா? காலையில் கூழ் நன்றாகத்தானே இருந்தது.”

அவள் சிரிக்கவில்லை.

பதினோரு வருடமாக அவள் இந்த மலையில் இருக்கிறாள். யாளிகளுக்குப் புல் அறுத்தாள். சிங்க உடம்பு இருந்தாலும் யாளி புல்தான் தின்னும். சாணம் அள்ளினாள். ஆசான் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் கற்றாள். ஒவ்வொரு பங்குனியிலும் தேர்வு நாளன்று புல்வெளியில் போய் நின்றாள். அன்று யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். நாற்பது வயதானவர்கள் மட்டும் நிற்கக் கூடாது. நேற்று நின்றதுதான் அவளுக்குக் கடைசி.

நேற்று, செவ்வரி என்கிற இளம் யாளி அவளை நோக்கி வந்தது. அவள் கையை நீட்டினாள்.

அது அவளைத் தாண்டிப் போய், பின்னால் நின்றவனின் மணிக்கட்டைப் பிடித்தது.

“அவன் எயினன்,” என்றாள் அரிஞ்சி.

“அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது அக்கா.”

“சொன்னால்?”

“எனக்குக் காது கேட்காதது மாதிரி நான் இருக்க வேண்டும்.”

“கேட்கிறதா?”

“கேட்கிறது. சொல்லுங்கள்.”

மலையின் வழக்கம் அது. யாளி ஒருவரைப் பிடித்ததும் அவருடைய பழைய பெயரை ஓலையில் கீறி, கல்லோடு சேர்த்துக் கட்டிச் சுனையில் போட்டுவிடுவார்கள். பிறகு யாளியின் பெயர்தான் அவருக்கும் பெயர். அதற்கு முன் அவர் என்னவாக இருந்தார், என்ன செய்தார் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆசானையும் முகிலி ஆசான் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். முகிலி அவருடைய யாளி. கொட்டிலுக்கு வெளியே படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

“கல்லாற்றுக் கயிற்றுப் பாலத்தை அறுத்தவன் அவன்,” என்றாள் அரிஞ்சி. “என் தம்பி அப்போது பாலத்தின் நடுவில் இருந்தான். இரண்டு காளைகளை ஓட்டிக்கொண்டு வந்தான்.”

ஆசான் புல்லை உதறினார்.

“ஏனடா அறுத்தாய் என்று பிடித்துக் கேட்டார்கள். விழுவதைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது என்றானாம். காவலில் வைத்தார்கள், தப்பி ஓடிவிட்டான். அப்புறம் நேற்றுதான் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால்.”

“ம்.”

“இனி அவனை யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. ஏதாவது ஊரில் நடுவன் என்று மேடையில் உட்கார வைப்பார்கள். பெண்கள் குழந்தைகளைக் கொண்டுவந்து அவன் காலடியில் போடுவார்கள்.”

“போடுவார்கள்தான். என் காலடியிலும் போடுகிறார்கள். போன வாரம் ஒன்று என் வேட்டியை நனைத்துவிட்டது.”

“சிரிக்காதீர்கள் ஆசானே.”

“இல்லை அக்கா.”

அந்த நாட்டில் வழக்குத் தீர்ப்பவர்கள் எல்லோரும் யாளியோடு பிணைந்தவர்கள். பிணைந்த ஒருவர் யாரையாவது அடித்தார் என்று கதைகூடக் கிடையாது. கையை ஓங்கினால் அந்தக் கை மரத்துப்போகும். எவ்வளவு மென்மையான மனம் என்றது ஊர். குளிக்கப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அவர்கள் யாளியை விட்டுப் பிரிவதில்லை. எவ்வளவு பாசம் என்றது ஊர்.

“நான் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை,” என்றாள் அரிஞ்சி. “பொய் சொன்னதில்லை.”

“ஒரு முறை சொன்னீர்கள். நான் நன்றாகப் பாடுகிறேன் என்று.”

“அது மரியாதைக்கு.”

“அதுவும் சரிதான்.”

“பிணைப்பை அவிழ்க்க உங்களால் முடியும் அல்லவா?”

“முடியும். ஆசானாக இருக்கிறவன் வாழ்நாளில் ஒரு முறை அவிழ்க்கலாம்.”

“அவிழ்த்துவிடுங்கள். அப்புறம் அவன் வெறும் ஆள். கல்லாற்றுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். முடியாது என்றால் எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவனிடம் இருப்பதில் என்னிடம் இல்லாதது எது?”

கடைசிச் சொற்கள் உடைந்து வந்தன. அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

ஆசான் கையிலிருந்த புல்லைக் கீழே வைத்தார்.

“அவிழ்க்கிறேன்,” என்றார். “அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. காளை கட்டுகிற கயிறு எங்கே?”

*

கொட்டிலின் நடுவில் ஒரு கல்தூண் உண்டு. ஆசான் அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கைகளைத் தூணுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“கட்டுங்கள்.”

“யாரை?”

“இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?”

“விளையாடாதீர்கள் ஆசானே.”

“முட்டுகிற காளையை எப்படிக் கட்டுவீர்களோ, அப்படி.”

கட்டினாள். தளர்வாக இருக்கிறது என்று மறுபடி கட்டச் சொன்னார். மூன்றாம் முறை கயிறு தோலில் பதிந்தது.

“அந்த ஊதுகொம்பை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஊத வேண்டும் என்று தோன்றினால் ஊதுங்கள். முகிலி வரும். நான் ஊதாதே என்று சொன்னாலும் ஊதுங்கள்.”

பிறகு வெளியே பார்த்து, “முகிலி, போ,” என்றார்.

யாளி எழவில்லை.

“போம்மா. இரண்டாவது மேட்டையும் தாண்டிப் போ.”

முகிலி எழுந்து உள்ளே வந்தது. துதிக்கையால் கயிற்றைத் தடவியது. முடிச்சை ஒரு முறை தொட்டுப் பார்த்தது. மறுபடி ஒரு முறை தொட்டுப் பார்த்தது. பிறகு போயிற்று.

காலை வெயில் புல்லின் மேல் சாய்ந்திருந்தது. முதல் மேட்டில் யாளியின் முதுகு தெரிந்தது.

“இந்த வருடம் புல் நன்றாக வந்திருக்கிறது,” என்றார் ஆசான்.

“ஆமாம்.”

“மேற்குச் சரிவில் அறுத்ததுதானே அக்கா?”

“ஆமாம்.”

“வாசனையே சொல்கிறது.”

இரண்டாவது மேட்டில் ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு புள்ளியும் இல்லை.

“உன்னை அக்கா என்று கூப்பிடும்போதெல்லாம்,” என்றான் அவன், “எனக்குச் சிரிப்பு வரும்.”

அரிஞ்சி நிமிர்ந்து பார்த்தாள். முகம் அதே முகம்தான். விளக்கை எடுத்துக்கொண்டு போய்விட்ட மாடம் மாதிரி இருந்தது.

“உன் தம்பி விழும்போது கத்தினானா?”

அவள் கை மடியிலிருந்த கொம்பைத் தேடியது.

“கல்லாற்றுப் பள்ளம் நல்ல ஆழம். கீழே போய்ச் சேர நேரம் பிடிக்கும். கடைசி வரை கத்தினானா, இல்லை பாதியிலேயே நின்றுவிட்டதா? நீ கரையில்தானே இருந்தாய்? சொல்லேன். ஒன்றுமில்லை, தெரிந்துகொள்ளலாம் என்றுதான்.”

“ஆசானே…”

“யார் அது?”

அவன் தோள்களை அசைத்துப் பார்த்தான். கைகளை முறுக்கினான்.

“நல்ல கயிறு. ஆனால் நீ இடதுகைக்காரி. உன் முடிச்சை இந்தப் பக்கம் திருகினால் தளரும்.”

கயிறு கல்லில் உராய்ந்தது. அவன் மணிக்கட்டிலிருந்து ரத்தம் வழிந்து தரையில் சொட்டியது. அவனுக்கு அது வலித்ததாகத் தெரியவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே திருகினான்.

அவள் கொம்பை எடுத்தாள்.

“ஊதாதே.”

அந்தக் குரல் தாழ்ந்துவிட்டது.

“ஊதாதே அரிஞ்சி. இன்னும் கொஞ்ச நேரம். பதினாறு வருடம் ஆயிற்று. கையில் கனமே இல்லை, தெரியுமா? பறவையின் சிறகு மாதிரி இருக்கிறது. உன்னை ஒன்றும் செய்ய மாட்டேன். எழுந்து நேராகக் கீழே போய்விடுவேன். கீழே ஊர் இருக்கிறது அல்லவா? அங்கே போய்விடுவேன்.”

முடிச்சின் ஒரு சுற்று நழுவி விழுந்தது.

அவள் ஊதினாள். மூச்சு போதவில்லை. எழுந்து நின்று மறுபடி ஊதினாள். சுவரோடு ஒட்டிக்கொண்டு மூன்றாம் முறை ஊதினாள்.

யாளி ஓடி அவள் பார்த்ததே இல்லை. மேட்டின் மண் சரிந்து புழுதியாக எழ, முகிலி அதற்குள்ளிருந்து வந்தது.

*

“அக்கா,” என்றார் ஆசான். “கொஞ்சம் தண்ணீர்.”

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

பிறகு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். நான்கு அடி தூரம். அதை நடக்க வெகுநேரம் ஆயிற்று.

அவர் குடித்தார். முகிலி அவருடைய மணிக்கட்டில் துதிக்கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது. அரிஞ்சி கயிற்றை அவிழ்த்தாள். அவிழ்க்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“என்னவெல்லாம் சொன்னேன்?”

“உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். நீங்கள் இல்லை என்று சொல்வீர்களோ என்று கேட்டேன். மரியாதைக்கு.”

அவள் சொம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

“உங்கள் பழைய பெயர் என்ன?”

“கேட்கக் கூடாது அக்கா.”

“கேட்டுவிட்டேன்.”

அவர் சொன்னார்.

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். ஏழூர்ப் பக்கத்தில் பதினாறு வருடமாக யாரும் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைப்பதில்லை.

“மற்றவர்கள்? எல்லோருமே உங்களைப் போலவா?”

“எல்லோருடைய பெயரும் சுனையில் கிடக்கிறது. நான் மூழ்கிப் பார்த்ததில்லை.”

“யாளிக்கு எப்படித் தெரிகிறது?”

“நம்மைவிட அதற்கு மூக்கு நீளம்.”

வெளியே, புல்வெளியில், செவ்வரியும் அதன் புது ஆளும் நின்றார்கள். அவன் அதன் முதுகைத் தேய்க்கத் தெரியாமல் தேய்த்துக்கொண்டிருந்தான். ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அடிக்கக் கையை ஓங்கினான். கை பாதியில் நின்றது. அவன் அந்தக் கையைக் கீழே இறக்கி, யாருடையதோ என்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பதினோரு வருடம் நீங்கள் அங்கே போய் நின்றீர்களே,” என்றார் ஆசான். “அப்போது யாளிகள் என்ன செய்தன?”

“மேய்ந்தன.” அவள் கசப்போடு சொன்னாள். “நான் ஏதோ புதர் என்பது மாதிரி என்னைச் சுற்றி மேய்ந்தன. ஒரு வருடம் ஒன்று என் காலடியில் படுத்துத் தூங்கியே விட்டது. வந்த சனமெல்லாம் சிரித்தது.”

“நேற்று அவன் வந்தபோது?”

“மேய்வதை நிறுத்தின. எல்லாம் தலையைத் தூக்கின.”

ஆசான் புல்லுக்கட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து உதறத் தொடங்கினார். ரத்தம் புல்லில் பட்டது. அந்தப் புல்லைத் தனியாக எடுத்து வைத்தார்.

பாதிக் கட்டு தீர்ந்தபோது கேட்டார்.

“செவ்வரியை இப்போது அவிழ்த்துவிடட்டுமா?”

அரிஞ்சி புல்வெளியைப் பார்த்தாள். அதற்கும் கீழே, அடிவாரத்தில், ஊர் தெரிந்தது. யாரோ ஒருத்தி பாறையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். காற்றில் ஒரு சேலை தூக்கியது. அவள் ஓடிப் பிடித்து அதன் மேல் கல் வைத்தாள்.

“அவனை நான் மன்னிக்கவில்லை,” என்றாள் அரிஞ்சி.

“யாரும் கேட்கவில்லை அக்கா.”

“ஒருபோதும் மன்னிக்க மாட்டேன்.”

“சரி.”

அவள் ஊதுகொம்பை ஆணியில் மாட்டினாள்.

“வந்ததும் நான் ஒரு பெயரைச் சொன்னேன்,” என்றாள்.

“அப்படியா?” என்றார் ஆசான். “என் காதில் விழவில்லையே.”

*

அரிஞ்சி மறுநாள் மலையிறங்கினாள். கடற்கரையில் ஓர் உப்பளத்தில் பதினெட்டு வருடம் வேலை செய்தாள்.

செவ்வரி இருபத்திரண்டு வருடம் கழித்து நோயில் இறந்தது. அதன் ஆள் அப்போது ஆற்றூரில் பெரிய நடுவர். யாளியைப் புதைக்கும் வரைகூட அவர் காத்திருக்கவில்லை. அன்று காலையே சிறைக்குத் தனியாக நடந்து போனார். காலியாக இருந்த ஓர் அறைக்குள் நுழைந்து, வெளியிலிருந்து பூட்டச் சொன்னார். காவலன் கும்பிட்டு, மாட்டேன் என்றான். அவர் அதட்டினார். பிறகு கெஞ்சினார். அவன் பூட்டினான்.

அரிஞ்சி இறந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது.