பதினேழு குறை உள்ள பச்சைக் கார்

நொச்சிப்பத்து ஊரில் மாடக்கண்ணு, சொரிமுத்து, பண்டாரம், ஐயம்பெருமாள் என்று நாலு கூட்டாளிகள் இருந்தார்கள். ஆளுக்குக் கால் பங்கு புத்திதான். நாலையும் கூட்டினால் ஒன்று வரும் என்ற நம்பிக்கையில் எந்தக் காரியத்தையும் சேர்ந்தே செய்வார்கள். அப்படிச் சேர்ந்துதான் ஒரு பழைய கார் வாங்கினார்கள். கூட்டினால் ஒன்று வரவில்லை என்பது அதற்குப் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

கார் அவசரம் மாடக்கண்ணுவுக்கு. கொழுந்தியாள் கல்யாணத்துக்குப் பெண்டாட்டி பூரணியைக் காரில் கூட்டிவருவதாக மாமனார் வீட்டில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டான். பூரணி தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது புருசன் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அவன் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டான்.

டவுனில் பழைய கார் விற்கிற தவசிக்கனி ஒரு பச்சைக் காரைக் காட்டினார். "டாக்டர் ஒருத்தர் வச்சிருந்த வண்டி. ஒரு குறையும் கிடையாது. ஆறு மாசம் வாரண்டி எழுதித் தாரேன். ஆனா ஒண்ணு, வெளியாள் யாரும் இதுல கை வைக்கக் கூடாது. வச்சா வாரண்டி போயிரும்."

கார் மாடக்கண்ணு பேரில் பதிவானது. ஆகவே மற்ற மூன்று பேரும் வெளியாள் என்று அங்கேயே முடிவாயிற்று. அன்று முதல் அவர்கள் காருக்குள் ஏறும்போது கையைக் கட்டிக்கொண்டார்கள். கதவை மாடக்கண்ணு திறந்துவிடுவான். முதலாளியே டிரைவர் வேலை பார்ப்பதும், மற்றவர்களுக்குக் கதவு திறந்துவிடுவதும் ஊரில் புதுசாக இருந்தது.

கல்யாணத்தன்று காலையில் பூரணி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். கூட்டாளிகள் மூவரும் பின் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கார் குளத்தங்கரை வரை போய் நின்றுவிட்டது.

"இறங்கித் தள்ளுங்கடே" என்றான் மாடக்கண்ணு.

"எப்படித் தள்ள? கை வைக்கக் கூடாதுல்லா" என்றான் சொரிமுத்து.

மூன்று பேரும் இறங்கி நின்று யோசித்தார்கள்.

"காலை வைக்கலாமா?" என்று பண்டாரம் கேட்டான்.

"காலை வச்சா வண்டிக்கு மரியாதை இல்ல. முதுகைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லலியே" என்றான் ஐயம்பெருமாள்.

மூவரும் திரும்பி நின்று முதுகைக் கொடுத்துத் தள்ளினார்கள். திடீரென்று எஞ்சின் பிடித்துக்கொண்டது. கார் பாய்ந்தது. மூவரும் மல்லாக்க விழுந்தார்கள். அதுவரை கார் அதுவாகவே நின்றுவந்ததால் பிரேக்கை மிதிக்க வேண்டி வரவில்லை. அப்போதுதான் காரில் பிரேக் இல்லாத விசயம் மாடக்கண்ணுவுக்குத் தெரிந்தது.

கல்யாண மண்டபம் வந்தது. வாசலில் மாமனார் பன்னீர்ச் செம்போடு நின்றார். கார் அவரைத் தாண்டிப் போயிற்று. சொந்தக்காரர்கள் கையாட்டினார்கள். பூரணியும் கையாட்டினாள். மண்டபத்துக்கு அப்பால் ரெண்டு மைல் போனபிறகு, பழையபடி அதுவாகவே நின்றது.

பூரணி இறங்கி, எதிரே வந்த மினி பஸ்ஸில் ஏறித் தாலி கட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தாள். மாடக்கண்ணு நடந்து வந்தபோது இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாப்பிள்ளை, காரு எங்க?" என்றார் மாமனார்.

"அது முன்னாலயே போயிருச்சு மாமா" என்றான்.

ராத்திரிச் சோறு போடும்போது பூரணி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "வாங்கின இடத்துல போய்க் கேளுங்க."

மறுநாள் மாடக்கண்ணு தவசிக்கனி கடைக்குப் போய், கார் நின்றிருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அந்தத் தரையைப் பார்த்து, "ஏன் இப்படிச் செஞ்சே?" என்று கேட்டான். தரை ஒன்றும் சொல்லவில்லை. தவசிக்கனிதான் உள்ளேயிருந்து வந்து, "வித்தது வித்ததுதான்" என்றார்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வக்கீல் ஜெபமணி அம்மா. கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அவரு சொல்லிட்டா ஆச்சா? குறையை மறைச்சு வித்தா நுகர்வோர் ஆணையத்துல கேக்கலாம். சரிபண்ணித் தரணும், இல்லேன்னா பணத்தைத் தரணும். என்னென்ன குறைன்னு ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்க."

நாலு பேரும் காரைச் சுற்றி உட்கார்ந்து எழுதினார்கள். பிரேக் இல்லை. சாவியைத் திருகினால் கிளம்புவதில்லை. ஹாரன் அடித்தால் கண்ணாடித் துடைப்பான் ஆடுகிறது. துடைப்பானைப் போட்டால் டிக்கி திறக்கிறது. மழை வெளியே நின்றபிறகும் உள்ளே பெய்கிறது.

"டாக்டர் வச்சிருந்த வண்டின்னாரு. சீட்டுக்கு அடியில எல்லாம் தேடிட்டேன், ஒரு தலைவலி மாத்திரைகூட இல்ல" என்றான் பண்டாரம்.

அதையும் எழுதினார்கள். மொத்தம் பதினேழு வந்தது. வக்கீல் அம்மா மாத்திரையை மட்டும் கோடு போட்டு அடிக்கப் பார்த்தார். பண்டாரம் முகம் வாடியதைப் பார்த்து விட்டுவிட்டார்.

விசாரணையில் தவசிக்கனியின் வக்கீல் எழுந்தார். "வாங்கும்போது வண்டியை ஓட்டிப் பாத்தீங்களா?"

"ஓட்டினேங்கய்யா. பாக்கல. ரோட்டைத்தான் பாத்தேன்" என்றான் மாடக்கண்ணு.

"வெளியாள் யாரோ வண்டியில கை வச்சிருக்காங்க. அதனாலதான் கெட்டுப்போச்சு. வாரண்டி செல்லாது" என்றார் அவர்.

இதைக் கேட்டதும் சொரிமுத்துவுக்கும் பண்டாரத்துக்கும் ஐயம்பெருமாளுக்கும் மனசு நொந்துவிட்டது. மூவரும் எழுந்து, முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். கல்யாணத்தன்று போட்ட அதே மூன்று வெள்ளைச் சட்டையிலும் முதுகுப் பக்கம் காரின் பச்சைப் பெயிண்ட் அப்பியிருந்தது.

"இன்னிக்கு வரைக்கும் கை வைக்கலைங்கய்யா" என்றான் சொரிமுத்து, சுவரைப் பார்த்தபடி.

ஆணையத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். நிபந்தனையை இந்த அளவுக்குக் கடைப்பிடித்தவர்களை அவர் பார்த்ததில்லை. காரைச் சோதித்த மெக்கானிக்கின் அறிக்கையும் சாதகமாக வந்தது. காரை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தவசிக்கனி தர வேண்டும், இனிமேல் எந்தக் காரை விற்றாலும் அதன் குறைகளை முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

"ஜெயிச்சாச்சு. வண்டியைத் திருப்பிக் குடுத்திட்டுப் பணத்தை வாங்கிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வக்கீல் அம்மா போய்விட்டார்.

"திருப்பின்னா எப்படி?" என்றான் ஐயம்பெருமாள். "தலைகீழாவா?"

"தலைகீழா கவுத்தா பெட்ரோல் கொட்டிரும்லா. முன்பக்கத்தைப் பின்பக்கமா திருப்பச் சொல்லுதாங்க" என்றான் மாடக்கண்ணு.

அப்படியே செய்தார்கள். மூவரும் காரின் மூக்கில் முதுகைக் கொடுத்துத் தள்ள, மாடக்கண்ணு கழுத்தைத் திருப்பி ஸ்டியரிங் பிடிக்க, கார் டவுன் வரைக்கும் பின்பக்கமாகவே போயிற்று. அன்றைக்கு அந்த ரோட்டில் போகிற பக்கம் பார்த்துப் போனது ஒரு எருமை மட்டும்தான்.

தவசிக்கனி பணத்தை எடுத்துக் கொடுத்தார். மாடக்கண்ணுவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பூரணி முகத்தை இனி நேராகப் பார்க்கலாம். ஆனால் வியாபாரி வியாபாரிதான். "வந்ததுதான் வந்தீங்க, வேற ஒரு வண்டி பாத்திட்டுப் போங்களேன்" என்றார்.

ஒரு வெள்ளைக் காரைக் காட்டினார். "இதுல ஒரு குறையும் இல்ல."

"போன தடவையும் இதேதான் சொன்னீரு" என்று நாலு பேரும் நகர்ந்துவிட்டார்கள். நீலக் காரிலும் குறை இல்லை என்றார். அதையும் நம்பவில்லை.

கடைசியில், தாங்களே திருப்பிக் கொண்டுவந்த பச்சைக் காரிடம் வந்தார்கள். "இதுல என்ன குறை?" என்று மாடக்கண்ணு கேட்டான்.

தவசிக்கனி அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, தீர்ப்போடு வந்த குறைப் பட்டியலைப் பிரித்து, பிரேக்கில் தொடங்கித் தலைவலி மாத்திரை வரை பதினேழையும் ஒன்று விடாமல் படித்தார்.

பண்டாரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"விக்கிறவன் வாயால இவ்வளவு உண்மை யாருவே சொல்லுவா?" என்றான் சொரிமுத்து.

"பூரணிக்கும் உண்மை பேசுதவங்களைத்தான் பிடிக்கும்" என்றான் மாடக்கண்ணு.

உண்மை பேசியதற்காக ரெண்டாயிரம் கூடப் போட்டு அந்தக் காரையே வாங்கினார்கள். மாடக்கண்ணு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். கார் அசையவில்லை. அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கூட்டாளிகளிடம் பெருமையோடு சொன்னான்:

"பாத்தியளா, கிளம்பாதுன்னாரு, கிளம்பல. சொன்ன சொல் தவறாத மனுசன்."