கண்ணை மூடித் தூக்கிய கை

ஊர்ப் பெயர் வேண்டாம். தென்காசிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அது எப்படி நடக்கிறது என்று தெருவில் கேட்டால் ஒரு பதில் வரும், வீட்டுக்குள் போய்க் கேட்டால் வேறு பதில் வரும். இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள்தான் பத்தாம் வகுப்பு இசக்கிப்பிரியா.

கணக்கு வாத்தியார் வருவார், கையெழுத்துப் போடுவார், மனை வியாபாரம் பார்க்கப் போய்விடுவார். தலைமையாசிரியை கண்டும் காணாமல் இருப்பார். மார்ச்சில் பொதுத்தேர்வு. கணக்கில் தேறாவிட்டால் பீடித்தட்டின் முன்னால் உட்கார வேண்டியதுதான் என்று இசக்கியின் அம்மா எப்போதோ சொல்லிவிட்டாள். சும்மா பயம் காட்டுகிறவள் அல்ல அவள். மூத்த மகளை உட்கார வைத்தே விட்டாள்.

பள்ளியைப் பற்றிக் கருத்துக் கேட்க மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்தது. உள்ளதை உள்ளபடி எல்லாரும் சேர்ந்து சொல்லிவிடுவது என்று வகுப்பே கூடிச் சத்தியம் செய்தது. முதலில் கையடித்தவள் இசக்கியின் பக்கத்து இடத்துக்காரி மாரிச்செல்வி. அடுத்தவன் கடைசி பெஞ்சு பேச்சிமுத்து. தலைமையாசிரியையின் மகள் உமையாளும் அதே வகுப்புதான். அவளை மட்டும் யாரும் சேர்க்கவில்லை. கண்ணாடி வளையல் போட்டு வரக்கூடாது என்பது அந்தப் பள்ளிக்கூடத்துச் சட்டம். அந்த வாரம் அக்காவுக்கு வளைகாப்பு என்று சொல்லி உமையாள் ஒருத்தி மட்டும் கை நிறைய அடுக்கிக்கொண்டு வந்தாள். இப்படிச் சலுகை பெற்றவளிடம் ரகசியம் சொல்ல யாருக்கு மனம் வரும்?

அதிகாரி வந்தார். முதலில் பெற்றோரைக் கேட்டார். கணக்கு வாத்தியாரைத் தினமும் அடுப்பங்கரையில் நின்று வைகிற இசக்கியின் அம்மா, மைக்கை வாங்கி, "பள்ளிக்கூடம் நல்லாத்தான் நடக்கு சார். ஒரு கொறையும் இல்ல" என்றாள். மற்றவர்களும் அதே பாட்டைப் பாடினார்கள். கெட்ட பெயர் வந்தால் பிள்ளைகள் குறையும், பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று தலைமையாசிரியை முன்பே அவர்கள் காதில் போட்டிருந்தார். இசக்கி எல்லாவற்றையும் ஜன்னல் வழியே கேட்டாள். போகட்டும், நாங்கள் இருக்கிறோமே என்று தேற்றிக்கொண்டாள்.

பிறகு அதிகாரி வகுப்புக்கு வந்து, ஆசிரியர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். எழுதச் சொன்னால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று அறிந்த மனிதர்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. திறக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணுங்க. கணக்குப் பாடம் ஒழுங்கா நடக்கலன்னு நினைக்கிறவங்க மட்டும் கையைத் தூக்குங்க. யாருன்னு நானும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லக் கூடாது."

இசக்கி கண்ணை இறுக மூடி வலது கையைத் தூக்கினாள். அவளுடைய இடது கையை மாரிச்செல்வி தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். இசக்கிக்கு அதில் தைரியம் வந்தது. பின்னால் எங்கோ கிலுங்கென்று ஒரு சின்னச் சத்தம். அப்புறம் ஒரே அமைதி. "கையை இறக்குங்க" என்றபோது மறுபடி அதே சத்தம். கண்ணைத் திறக்கச் சொன்ன பிறகுதான் மாரிச்செல்வி தன் பிடியை விட்டாள்.

"ரெண்டே ரெண்டு கை" என்று மட்டும் சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார்.

அத்தனை பேர் செய்த சத்தியமும் இவ்வளவுதானா?

மறுநாள் மத்தியானம் தலைமையாசிரியை அவள் அம்மாவை வரவழைத்தார். "உங்க பிள்ளை எங்களுக்கு எதிரா கை தூக்கியிருக்கா" என்றார். இன்னொரு கையைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. அம்மா அங்கேயே, "படிச்சுக் கிழிச்சது போதும். நாளையிலேருந்து வீட்ல இருந்து பீடிக்கு எல வெட்டட்டும்" என்றாள். மகள் பக்கம்தான் நியாயம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே சொன்னாள். அதைத்தான் இசக்கியால் தாங்க முடியவில்லை.

பையை எடுக்க வகுப்புக்கு வந்தாள். மாரிச்செல்வி ஓடி வந்து அழுதாள். "ஏட்டி, அந்த இன்னொரு கை என்னுதுதாட்டி. சத்தியமா!"

"அவ பொய் சொல்லுதா. அது என் கை" என்றான் பேச்சிமுத்து. "உன் கை அந்த நடுங்கு நடுங்குச்சு. ஒத்தையில நிக்கியேன்னுதான் நானும் தூக்குனேன்."

உமையாள் மட்டும் ஜன்னலோரம் பேசாமல் நின்றாள். இசக்கியின் ஆத்திரமெல்லாம் அவள்மேல் திரும்பியது.

"நீதான உங்கம்மாட்ட என் பேரச் சொன்ன?"

"நான் யார் பேரையும் சொல்லல."

"அப்ப நீ கை தூக்குனியா?"

"அதச் சொல்லக் கூடாதுன்னுதான சத்தியம்."

"த்தூ!" என்று அவள் காலடியில் துப்பிவிட்டு இசக்கி வெளியே நடந்தாள். பள்ளி வாசலில் மாரிச்செல்வி பின்னாலேயே வந்து, ஆறுதலாக அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். இசக்கி சட்டென்று நின்றுவிட்டாள்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, இப்போது சொல்லுங்கள். இசக்கி ஏன் நின்றாள்? அந்த இரண்டாவது கை யாருடையது? கை தூக்கியவர்கள் இரண்டு பேர் என்றால் ஒரு பெயர் மட்டும் எப்படி வெளியே போயிற்று? மாரிச்செல்வி, பேச்சிமுத்து, உமையாள், இந்த மூன்று பேரில் சத்தியத்தைக் காத்தது யார்?

விடை: தோழியின் கையைப் பொத்தவே இரண்டு கையும் சரியாகப் போன மாரிச்செல்விக்கு, தூக்குவதற்கு வேறு கை ஏது? இசக்கியின் கை நடுங்கியதைப் பார்த்த பேச்சிமுத்து கண்ணைத் திறந்திருக்கிறான். பெயரைக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் அவனே. இன்னொரு பெயரையும் அவன் அறிவான். ஆனால் தலைமையாசிரியையிடமே போய் அவர் மகளைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு ஏது துணிச்சல்? கை ஏறும்போதும் இறங்கும்போதும் கிலுங்கியது, அந்த வகுப்பில் ஒருத்தி மட்டுமே போட்டிருந்த கண்ணாடி வளையல். யாரும் சேர்த்துக்கொள்ளாத உமையாள்தான் பெற்ற தாய்க்கு எதிராகக் கை தூக்கினாள், காலடியில் துப்பியபோதும் வாய் திறக்கவில்லை. இது உறைத்ததும் இசக்கி கையை உதறிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பி ஓடினாள். உமையாள் அதே ஜன்னலோரத்தில் நின்று, வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். மன்னிப்புக் கேட்க இசக்கிக்கு இருந்தது அந்த ஒரு மத்தியானம்தான்.