சின்னவள் வைத்த எட்டு

அந்தக் காலத்தில் மலைகளுக்கு வாயும் இருந்தது, காலும் இருந்தது. கடலோரத்தில் அக்காள் தங்கச்சியாக இரண்டு மலைகள் நின்றன. முன்னால் பெரியவள், அவளுக்குப் பின்னால் சின்னவள்.

அந்தக் கரைக்கு முன்னால் தண்ணீருக்கடியில் எங்கும் பாறை. நடுவில் கட்டுமரம் நுழைய ஒரு வழிதான் உண்டு. கட்டுமரக்காரர்கள் மலையைப் பார்த்துத்தான் அந்த வழியைப் பிடிப்பார்கள். பெரியவளுக்குப் பின்னால் சின்னவள் முழுசாக மறைகிற இடத்துக்கு வந்து, நேரே விட்டால் கரை.

"சின்னவ மறைஞ்சாளா?"

"மறைஞ்சிட்டா!"

"அப்போ போடு துடுப்பை!"

தினமும் இந்தச் சத்தம்தான். ஆலாப் பறவை அதைக் கேட்டுவிட்டு வந்து சிரித்தது. "கேட்டியாடி? நீ மறைஞ்சாத்தான் அவனுங்களுக்குச் சந்தோஷமாம். அம்புட்டு லட்சணம் உன் மூஞ்சி!"

சின்னவளுக்குச் சுருக்கென்றது. "அக்கா, என்னைக் கண்டா ஆகலையாமே அவங்களுக்கு?"

"பறவை பேச்சை விடு. நின்ன இடத்துல நில்லுடி."

அவள் கேட்கவில்லை. ஒருநாள் பொழுது சாய்கிற நேரம், தன் முகமும் கடலுக்குத் தெரியட்டும் என்று பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்தாள்.

வலம்புரியான் என்ற கட்டுமரக்காரன் அப்போது தனியாக வந்துகொண்டிருந்தான். "என்ன இது, இன்னும் தெரியிறாளே?" என்று மரத்தை ஒதுக்கினான். அவள் மறைகிற மட்டும் ஒதுக்கினான். மறைந்ததும், நம்பி நேரே விட்டான். மரம் பாறையில் பிளந்தது. அவன் கரைக்கு வரவில்லை.

விடிந்ததும் அவன் பெண்சாதி செவந்தி மலையடிக்கு வந்தாள். அவனுக்கென்று எடுத்து வைத்த கஞ்சிக் கலயம் இன்னும் கையில் இருந்தது. அவள் ஏசவில்லை.

"தாயி, அவரு உன்னைப் பார்த்துத்தானே வருவாரு? நேத்து உன் கண்ணுல எதுவும் படலையா?"

சின்னவள் பழைய இடத்துக்கே பின்வாங்கப் பார்த்தாள், கால் மண்ணோடு மண்ணாக ஊன்றிப்போயிருந்தது.

"ஒரே ஒரு எட்டுதானே அக்கா வச்சேன்."

"கடல்லருந்து பார்த்தவனுக்கு அது எம்புட்டு தூரமோ" என்றாள் பெரியவள். சின்னவள் போகிற மேகத்தைப் பிடித்து இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள்.

ஆனால் அவள் நகர்ந்ததால் கடலில் கணக்கு மாறிவிட்டது. பெரியவளின் தோளோரம் சின்னவள் முகம் தெரிந்தால்தான் இப்போது சரியான வழி. முக்காட்டைப் பார்த்து மரங்களெல்லாம் நடுக்கடலில் திகைத்து நின்றன. செவந்தி கரையிலிருந்து கத்தினாள்: "முக்காட்டை எடு தாயி! இன்னும் எத்தனை பேரு கலயத்தோட நிக்கிறாளுவ!"

அவள் எடுத்தாள்.

அவள் விட்டு நகர்ந்த இடம் கணவாயாகக் கிடக்கிறது. அன்று முதல்தான் சின்னவளின் உச்சி பகலெல்லாம் மேகத்துக்குள் ஒளிந்துகொள்கிறது, ஏறிப் பார்க்கப் போனவர்கள் பாராமலே இறங்குகிறார்கள். மரங்கள் திரும்பும் பொழுதில் மட்டும் அவள் முக்காட்டை விலக்கி, கூசிக் கூசி, கடல் முழுக்கத் தன் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் ஆசைப்பட்டதும் அதற்குத்தானே.