பாசியைக் கூட்டத்துக்கு அழைத்த கதை

கோணவயல்காரர்களுக்கு மூளையே இல்லை என்று பக்கத்து ஊரில் பேசிக்கொள்வது வெறும் பொறாமை. மூளை இருந்தது. எடுத்துப் புழங்காததால் புத்தம் புதுசாக இருந்தது, அவ்வளவுதான்.

கோணவயல் ஏரியில் பச்சைப்பசேலென்று பாசி மூடிவிட்டது. மீன்கள் மூச்சுமுட்டிச் செத்து மிதந்தன. மூக்காயி அந்த ஏரியில் வலைபோட்டுத்தான் வீட்டில் உலை வைப்பாள். பாவம், கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

வேளாண்மை அதிகாரி அம்மா வந்து பார்த்தார்.

"வயல்ல நீங்க அளவில்லாம கொட்டுற உரத்துல மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், இருக்கு. அது மழையில கரைஞ்சு ஏரிக்கு வருது. அதை விரும்பித் தின்னுதான் பாசி கொழுக்குது. மணிச்சத்தோட சம்பந்தப்பட்ட ஒருத்தரையும் விடாம கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசி முடிவெடுங்க. வெள்ளிக்கிழமை வர்றேன்."

அவர் போனதும் ஊர்த்தலைவர் சடையப்பன் யோசித்தார். "ரொம்ப சம்பந்தப்பட்டது யாரு?"

"உரம் போடுற நாமதாங்க," என்றார் உரக்கடை வேலாயுதம்.

"போடுறவன் என்னய்யா பெரிய ஆளு? தின்னுறது யாரு?"

"பாசிங்க."

"அதைக் கூப்பிடாம கூட்டம் போட்டா, நாளைக்கு அது முகத்துல முழிக்க முடியுமா?"

கரையில் வெற்றிலை பாக்கு வைத்து முறைப்படி அழைத்தார்கள். பாசி அசையவில்லை.

"கால் இல்லாதவங்கள நாமதாங்க தூக்கிட்டு வரணும்," என்றார் வேலாயுதம். அவருக்கு இரக்க சுபாவம்.

கூடை, அண்டா, மூக்காயியின் வலை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊரே ஏரியில் இறங்கியது. இரண்டு நாளில் ஒரு பிடி விடாமல் அள்ளிவந்து, களத்துமேட்டில் ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்தார்கள். ஏரி கண்ணாடியாய்த் தெளிந்தது. மிச்சமிருந்த மீன்கள் துள்ளின. மூக்காயி சந்தோஷத்தில் மறுபடி அழுதாள்.

சடையப்பன் பாசியைப் பார்த்துக் கும்பிட்டார். "இந்தப் போகத்துக்கு வயலுக்கு உரமே போடுறதில்லைன்னு நினைக்கிறோம். சம்மதமா?"

பாசி மறுத்துப் பேசவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வெள்ளிக்கிழமை அதிகாரி அம்மா வந்தார். ஏரி முன்னைவிடப் பச்சையாக இருந்தது.

"பாசியை அள்ளிட்டதா சொன்னாங்களே?"

"கூட்டம் முடிஞ்சுதுங்க. வந்தவங்களை அவங்க வீட்டுலயே கொண்டுபோய் விட்டுட்டோம்," என்றார் சடையப்பன்.

"பெரிய கூடை நான்தாங்க சுமந்தேன்," என்றாள் மூக்காயி பெருமையாக. அவளும் கோணவயல்காரிதானே.

அதிகாரி அம்மா தண்ணீரைக் காட்டினார். "அங்கங்க மஞ்சப் பையா மிதக்குதே, அது என்ன?"

"தாம்பூலப் பைங்க. வந்தவங்களை வெறுங்கையோட அனுப்புற பழக்கம் எங்க ஊர்ல கிடையாது," என்றார் சடையப்பன்.

"பாசிக்குத் தேங்காயும் வெற்றிலையுமா கொடுத்தீங்க?"

வேலாயுதம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது எங்கங்க தேங்காய் தின்னும்? விரும்பித் தின்னுறது எதுன்னு நீங்கதானே சொன்னீங்க. வயலுக்குப் போடாம மிச்சமான உரம் மொத்தத்தையும் பையில கட்டிக் கொடுத்துட்டோம்."