இக்கன்னாவின் புள்ளி

பாளையங்கோட்டையில் ஜெசிந்தா என்றொருத்தி வீட்டிலேயே பிஸ்கட் சுட்டு, அதன்மேல் ஐசிங்கால் படம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த நாளில் நடந்தது இது. டிசம்பர் வந்தால் அவள் வீட்டு மேசையில் நட்சத்திரங்கள் காயும். பொங்கலுக்குப் பானை, ரம்ஜானுக்குப் பிறை, கோடையில் பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளைகளுக்கு மாம்பழம். அந்த மேசையை எட்டிப் பார்த்தால் போதும், காலண்டர் வேண்டாம்.

ஒரு தை மாதம் அந்த மேசையில் ஏழு வட்ட பிஸ்கட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சந்தன நிறத்தில் பூச்சு, அதன்மேல் அரக்கு நிறத்தில் ஆளுக்கு ஒரு எழுத்து. ஏழும் சேர்ந்தால் 'வாழ்த்துக்கள்'. நிச்சயதார்த்தச் சீர்த்தட்டில், பூவுக்கும் வெற்றிலைக்கும் நடுவில் போய் உட்காரப் போகிறோம் என்பது அவற்றுக்குத் தெரியும். அதனால் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் மிதப்பு.

முதலில் இருந்த 'வா'வுக்கு ரொம்பவே மிதப்பு. "விருந்தாளியைக் கூப்பிடுவதே நான்தான். நீங்களெல்லாம் பின்னால் வருகிறவர்கள்" என்றது.

ஐந்தாவதாக இருந்தது 'க்'. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்வதுபோல இக்கன்னா என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு அடுத்து 'க', அதாவது கானா. இரண்டும் ஒரே மாவு, ஒரே தட்டில் வெந்தவை. இக்கன்னாவின் தலையில் ஒரு புள்ளி உண்டு, கானாவுக்குக் கிடையாது. வேறு வித்தியாசம் இல்லை. புள்ளி வைக்கும்போது ஜெசிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். அது இக்கன்னாவுக்குப் பெருமையாக இருந்தது.

காலை ஒன்பது மணிக்குச் செண்பகவல்லி வந்தாள். அவள் தங்கைக்குத்தான் நிச்சயம். வாசலில் கார் நின்றது. பிஸ்கட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள்.

"ஜெசிந்தாக்கா, 'க்' போட்டுட்டீங்களே!"

"நீ வாட்ஸ்அப்ல அனுப்பினதைப் பாத்துத்தானம்மா போட்டேன்."

"எங்க சித்தப்பா இப்பத்தான் சொல்லுதாரு, அது தப்பாம். 'க்' போட்டா குடிக்கிற கள்ளுன்னு அர்த்தம் வந்துருமாம். மாப்பிள்ளையோட அப்பா தமிழ் வாத்தியார்லா! தட்டைப் பாத்ததும் முதல்ல அதைத்தான் படிப்பாரு. எங்க மானமே போயிரும்க்கா."

"இதுக்கா இவ்ளோ பயம்? ஒண்ணை எடுத்துட்டா முடிஞ்சுது" என்ற ஜெசிந்தா, இக்கன்னாவைத் தூக்கி ஓரத்துத் தட்டில் போட்டாள்.

அந்த 'க்' வேண்டுமா வேண்டாமா என்பது தமிழ்நாட்டில் இன்னும் தீராத வழக்கு. வழக்கு யார் பக்கம் இருந்தாலும் அன்று தண்டனை ஒரு பிஸ்கட்டுக்கு.

ஓரத்துத் தட்டில் ஒரு பொங்கல் பானை கிடந்தது. சுடும்போதே வாய் கோணிப்போனது. பக்கத்தில் மூக்கில்லாத கிளி ஒன்று.

"வா, வா. சாயங்காலம் டீக்கு நம்மை எடுப்பார்கள். இங்கே யாரும் யாரையும் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை, நிம்மதியாக இருக்கலாம்" என்றது பானை.

இக்கன்னாவுக்கு நிம்மதி வேண்டாம், சீர்த்தட்டு வேண்டும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "து-வுக்கு முன்னால் 'த்', அந்த இத்தன்னா நிற்கலாமாம். கானாவுக்கு முன்னால் நான் நிற்கக்கூடாதாம். இது என்ன நியாயம்?" என்று வரிசையைப் பார்த்துக் கத்தியது.

"உன்னால் நாங்கள் ஊர் முன்னால் தலைகுனிய வேண்டுமா? கூப்பிடாத இடத்தில் என்ன வேலை?" என்றது 'வா'. இத்தன்னா வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. தன் தலையிலும் ஒரு புள்ளி இருக்கிறதே, யாராவது கவனித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அதற்கு. கானாதான் மெல்லச் சொன்னது, "என் பக்கத்தில் நீ இருந்தது எனக்குத் தெம்பாக இருந்தது."

நடுவில் விழுந்த இடைவெளியை மூட ஜெசிந்தா எழுத்துகளை நெருக்கி வைத்தாள். அவசரத்தில் விரல் பட்டுக் கானா மேசை விளிம்பில் சறுக்கியது. கீழே விழுந்து மூன்று துண்டாயிற்று.

செண்பகவல்லி குனிந்து துண்டுகளைப் பார்த்தாள்.

"போச்சு! வேற ஒண்ணு போட முடியுமாக்கா?"

"ஐசிங் காய நாலு மணி நேரம் ஆகும் செண்பகம். நல்ல நேரம் எப்போ?"

"பத்தரைக்கு!"

ஜெசிந்தாவின் கண் ஓரத்துத் தட்டுக்குப் போனது. "ஏட்டி, இது இருக்குல்லா? புள்ளியை எடுத்துட்டா இதுவும் 'க'தான்."

பல்குத்தும் குச்சியை எடுத்து வந்தாள். குச்சி இக்கன்னாவின் காதோரம் வந்து சொன்னது: "பார், இந்தப் புள்ளி நன்றாகக் காய்ந்துவிட்டது. நீ இறுக்கிப் பிடித்துக்கொண்டால் என்னால் பெயர்க்க முடியாது. நாலு கீறல் விழும், அவள் விட்டுவிடுவாள். சாயங்காலம் டீக்குப் போவாய், அவ்வளவுதான். தளர்த்தினால் சீர்த்தட்டு. எது வேண்டும்?"

தலையிலிருந்து புள்ளியும் பேசியது. "நான் சின்னவன்தான். ஆனால் என்னை விட்டால் உன் பெயர் வேறு."

இக்கன்னா வரிசையைப் பார்த்தது. அங்கே ஆறில் ஓரிடம் காலியாக இருந்தது. சற்று முன் முகத்தைத் திருப்பிக்கொண்ட எழுத்துகள் எல்லாம் இப்போது அதையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அந்தப் புள்ளியை விட்டுவிடு, உனக்கு ராஜ மரியாதை!" என்றது 'வா'.

இக்கன்னா தலையைத் தளர்த்தியது. புள்ளி ஒரே தட்டில் பெயர்ந்து, குங்குமப் பொட்டு அளவில் மேசையில் விழுந்தது. ஜெசிந்தா அதைத் துடைத்து எறிந்தாள்.

"வா கானா, வா! உனக்காகத்தான் காத்திருந்தோம்" என்றன எல்லாம். கீழே மூன்று துண்டாகக் கிடந்த கானாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இக்கன்னாவுக்கு அது உறுத்தியது. ஆனாலும் போய் உட்கார்ந்துகொண்டது.

மண்டபத்தில் சீர்த்தட்டு வரிசையின் நடுவே அது ஜம்மென்று இருந்தது. இந்தப் பக்கம் மல்லிகைப்பூ, அந்தப் பக்கம் கற்கண்டு. ஆசைப்பட்டது கிடைத்துவிட்ட சந்தோஷம் அதற்கு உண்மையாகவே இருந்தது. தலை மட்டும் கொஞ்சம் குளிர்ந்தது.

மாப்பிள்ளையின் அப்பா உலகநாதன் வந்தார். செண்பகவல்லி சொன்னது சரிதான். பழத்தைப் பார்க்கவில்லை, பட்டுப்புடவையைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராக பிஸ்கட்டின் மேல் குனிந்தார். ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் படித்தார். 'து' வரைக்கும் வந்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, இங்க ஒரு 'க்' வரணுமே. எங்க?"

செண்பகவல்லி இழுத்தாள். "இல்லய்யா... அது போட்டா தப்புன்னு..."

"எவன் சொன்னான்? முப்பது வருசமா 'க்' போட்டுத்தான் எழுதுதேன், பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். அது இல்லாம வாழ்த்துல ஒரு அழுத்தமே இல்ல பாரு." அவர் இன்னும் குனிந்தார். கானாவின் இடத்தில் இருந்த பிஸ்கட்டின் தலையில் ஒரு சொரசொரப்பு தெரிந்தது. தூசி என்று நினைத்து வாயால் ஊதிவிட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உரக்கக் கேட்டார்.

"நம்ம 'க்' எங்கப்பா போச்சு?"

'வா' மல்லிகைப்பூவின் பக்கம் திரும்பிக்கொண்டது. இத்தன்னா அசையவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒருவர் இக்கன்னாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அதுவும் சபை நடுவில். "இதோ, இங்கேதான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட நினைத்து வாயைத் திறந்தது.

"க" என்றுதான் வந்தது.