ஒரு மக்கு ரெசின்

சூசைமிக்கேலுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடைய ஆசான் ஜெனோவாவுக்கு முப்பத்திரண்டு. கடற்கரையில் பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடும் கொட்டகை அவளுடையது. தன் படகைத் தானே ஒட்டப் பழகிக்கொள்கிறேன் என்று வந்து சேர்ந்தவர், முதல் நாளே அவளை ஆசான் என்று கூப்பிட்டார். ஊரே சிரித்தது. மனுஷன் சட்டை செய்யவில்லை.

படகை உடைத்தது மச்சான் பெர்க்மான்ஸ். அதுவும் பட்டப்பகலில். அலையைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கல்லில், கண்ணெதிரே தெரிவதன் மேலேயே, கொண்டுபோய் ஏற்றிவிட்டான். முப்பது வருடம் ஒரே படகில் போனவர்களுக்குள் எட்டு நாளாகப் பேச்சு இல்லை.

அந்த எட்டு நாளில் மூன்று பிரஷ் வீணாகிவிட்டது. ரெசின் பசை டின்னில் மாசக்கணக்கில் இளகியே கிடக்கும்; இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்துவிட்டால் யாருக்கும் காத்திருக்காது, அரை மணிக்குள் இறுகிவிடும். இவரோ பாதி வேலையில் மச்சானை நினைத்துக்கொள்வார். பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே அவனுடைய முப்பது வருடக் குற்றங்களையும் ஆதியிலிருந்து சொல்வார். சொல்லி முடிக்கும்போது பிரஷ் விறைத்துக் கட்டையாகியிருக்கும். ஜெனோவா அதை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, தின்னரில் ஊறிய வேறொன்றைத் துடைத்துக் கொடுப்பாள்.

ஒன்பதாம் நாள், சாயங்காலம் வருகிறேன் என்று பெர்க்மான்ஸ் சொல்லியனுப்பினான். சூசைமிக்கேலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதற்குள் வேலையை முடித்துவிட வேண்டுமென்று ஒரு பிளாஸ்டிக் மக்கு நிறைய ரெசினில் ஒரேயடியாக ஹார்டனரை ஊற்றிக் கலந்துவிட்டார்.

"வரட்டும் அவன். எட்டு நாளா சேத்து வச்சிருக்கேன். மொத்தமாக் கொட்டிட்டு, இனி என் படகுல கால் வைக்காதேன்னு சொல்லிரப் போறேன். சொல்லலாமா ஆசான்?"

"மக்கைத் தொட்டுப் பாருங்க மாமா."

தொட்டார். சுட்டது.

அவள் மக்கை வாங்கி, முக்கால்வாசியை அகலமான தட்டில் ஊற்றினாள். ரெசின் தோசை மாவு போலப் பரவியது. கொஞ்சம் பொறுத்துத் தட்டின் அடியைத் தொடச் சொன்னாள். சூடு இறங்கியிருந்தது.

"அதே ரெசின்தானா?"

"அதேதான். பூசுங்க."

இருவருமாக ஓட்டையின் மேல் பைபர் பாயை விரித்து, பிரஷ்ஷால் குத்திக் குத்திப் பூசினார்கள். வெள்ளைப் பாய் ரெசினைக் குடித்துத் தெளிந்தது. தட்டு காலியாகும்வரை ரெசின் இளக்கமாகவே இருந்தது. பிரஷ்ஷைத் தின்னரில் போடும்போதுதான் மூக்கைத் துளைக்கும் நெடி வந்தது. மக்கின் அடியில் ஜெனோவா விட்டுவைத்திருந்த கால் பங்கு, புகைந்து, வெடிப்பு விட்டு, மக்கையே கோணலாக்கிக்கொண்டு இறுகிக் கிடந்தது. சூசைமிக்கேல் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் பெர்க்மான்ஸ் வந்தான். கொட்டகைக்குள் நுழையாமல் வெளியே மணலிலேயே நின்றான். சூசைமிக்கேல் எழுந்து போனார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"கல்லு தெரியலையா மச்சான்?" என்று மட்டும் கேட்டார்.

பெர்க்மான்ஸ் குனிந்துகொண்டான். "தெரியல மச்சான். ஆறு மாசமாவே சரியாத் தெரியல. சொன்னா நீ என்னைப் படகுல ஏத்த மாட்டியோன்னு பயம்."

நேற்றுதான் டாக்டரிடம் போனானாம். இரண்டு கண்ணிலும் புரையாம். ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பிவிடும் என்றாராம். சூசைமிக்கேலுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அட பைத்தியக்காரா, இதை வாயைத் திறந்து சொல்லக் கூடாதா என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். கண் தெளியும்வரை இன்ஜினை இவர் பிடிப்பது, வலையை அவன் பார்ப்பது என்று அங்கேயே நின்று பேசி முடித்தார்கள். எட்டு நாளைக்குப் பிறகு நெஞ்சுக்குள் மூச்சு தாராளமாகப் போய் வந்தது.

மச்சான் போனபிறகு கொட்டகைக்குத் திரும்பினார். ஜெனோவா மீதி ரெசின் இருந்த டின்னைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆசான், சொல்ல வச்சிருந்ததெல்லாம் அப்படியே மீதி கெடக்கே. அதை என்ன செய்ய?"

அவள் டின்னை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஹார்டனர் ஊத்தலையே மாமா? மூடி, நெழல்ல வைங்க."