நடுக்கோட்டில் உட்கார்ந்த சருகுமான்

ஒரு காட்டில் இரண்டு கல்லூரிகள் இருந்தன. ஆற்றுக்கு இந்தக் கரையில் வேங்கைமரக் கல்லூரி, அந்தக் கரையில் நாவல்மரக் கல்லூரி. வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டுக்கும் கபடிப் போட்டி. அன்றைக்குக் காடே மணல்திட்டில் கூடிவிடும்.

சும்மா உள்ளே விடமாட்டார்கள். வள்ளிக்கிழங்கோ தேனடையோ கொடுக்க வேண்டும். அதையெல்லாம் வாங்கிக் குவித்து, குவியலின் மேலேயே படுத்துக்கொள்ளும் உடும்பு. அதுதான் போட்டிச் செயலாளர். பிடித்ததை அது விட்டதாகச் சரித்திரமே இல்லை.

வேங்கைமரத்தின் ஆட்டக்காரி சருகுமான். ஆள் முயல் அளவுதான். ஆனால் கபடி பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் நுழைந்தால் யார் கைக்கும் சிக்காது. பாதிக் கூட்டம் அதைப் பார்க்கத்தான் வந்திருந்தது.

அந்தச் சருகுமான் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, பிள்ளைகளே. காலையில் பயிற்சி, மாலையில் பயிற்சி. மேயப் போக நேரம் ஏது? கேட்டால், "சாப்பாட்டுப் பேச்சை எடுக்காதே, ஆட்டம் போய்விடும்" என்று பயிற்சியாளர் கரடி தேனை நக்கிக்கொண்டே சொல்லும்.

போன வருஷம் பாடப் போன மந்திக்குக் கால் முறிந்தது. உடும்பு அதற்கு ஒரு பூமாலை போட்டது. மறுநாளே கல்லூரியிலிருந்து பேரை எடுத்துவிட்டது. இப்போது மந்தி வேலியோரம் உட்கார்ந்து, கூட்டம் துப்பும் கிழங்குத்தோலைப் பொறுக்கித் தின்கிறது. சருகுமானின் கண் அடிக்கடி அங்கேயே போனது.

ஆட்டம் இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு. பாடிப் போக ஒரே ஒரு முறைதான் பாக்கி. அது சருகுமானின் முறை. அந்தப் பக்கம் காட்டுப்பன்றியின் தலைமையில் ஏழு ஆட்டக்காரர்கள் கைகோத்து நின்றன. நடுவர் மரங்கொத்தி முப்பது கொத்து கொத்துவதற்குள் போய்த் திரும்ப வேண்டும்.

"டொக்!"

சருகுமான் நடுக்கோடு வரை ஓடியது. நின்றுவிட்டது.

"டொக்! டொக்!"

"ஏய், போடி உள்ளே!" என்று கத்தியது கரடி.

சருகுமான் உடும்பின் பக்கம் திரும்பியது.

"செயலாளரய்யா, ஒரே ஒரு கேள்வி. அந்தக் குவியலில் எனக்கு எவ்வளவு?"

கூட்டம் மொத்தமும் குவியலை எட்டிப் பார்த்தது.

உடும்பு சிரித்தது. "கண்ணு, நீ மாணவி. கூலிக்காரி இல்லை. உனக்குத்தான் பெருமை இருக்கிறதே!"

"போன வருஷம் மந்தியக்காவுக்கும் அதைத்தான் கொடுத்தீர்கள். கடித்துப் பார்த்தது. பல்லில் எதுவும் படவில்லையாம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "டொக்!" பதினொன்று.

"ஆடுகிறவர்களுக்குக் கொடுத்தால் போட்டியே செத்துப்போகும்!" என்றது உடும்பு. "எந்தக் கரையில் கூடக் கொடுக்கிறார்களோ அங்கே எல்லாரும் ஓடிவிடுவார்கள். வயிறு நிறைந்துவிட்டால் ஜெயிக்கிற வெறியும் போய்விடும்!"

"இரண்டு கரைக்கும் ஒரே அளவாகக் கொடுங்கள், யார் ஓடுவார்கள்? வயிறு நிறைந்தால் ஆட்டம் கெடுமென்றால் கரடி வாத்தியாருக்கு எதற்குத் தேன்?"

"டொக்!" பத்தொன்பது.

உடும்பு நாக்கை நீட்டி இழுத்தது. "இப்போது நீ போகவில்லை என்றால் நாளைக்கு உன் பேரும் இருக்காது. மந்திக்குப் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருக்கிறது."

ஒரு அடி எடுத்து வைத்தால் போதும், எல்லாரும் கைதட்டுவார்கள். அது வேலியோரம் பார்த்தது. மந்தி தோலைக் கீழே போட்டுவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"டொக்!" இருபத்தைந்து.

சருகுமான் காலை மடக்கி, கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டது.

கூட்டம் ஊளையிட்டது. எதிர்ப்பக்கம் காட்டுப்பன்றி கையை உதறிக்கொண்டு நேராக வந்தது. சருகுமான் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

பக்கத்தில் பொத்தென்று ஒரு சத்தம்.

"கொஞ்சம் தள்ளி உட்கார். நானும் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை" என்றது பன்றி. அதன் ஆட்களும் ஒவ்வொன்றாக வந்து கோட்டின் மேல் உட்கார்ந்தன.

"டொக்!" முப்பது. யாரும் ஆடாததால் யாருக்கும் புள்ளி இல்லை; அந்த முறை இன்னும் பாக்கி.

உடும்பு பதறியது. "கரடி, நீ போய்ப் பாடு!"

"பாடினால் எத்தனை தேனடை?" என்று கேட்டுவிட்டது கரடி. வாய் தவறி வந்துவிட்டது, பாவம்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. சிரிக்காதது ஒரு யானை மட்டும்தான். "ஆட்டம் பார்க்கத்தான் கிழங்கு கொடுத்தேன். ஆடுகிறவர்களைப் பட்டினி போடவா கொடுத்தேன்?" என்று குவியலைத் தும்பிக்கையால் இழுத்தது. உடும்பு விடுமா? கிழங்கோடு சேர்ந்து அதுவும் ஆகாயத்தில் தொங்கியது. அங்கே தொங்கிக்கொண்டுதான், "சரி, சரி! கொடுக்கிறேன்!" என்றது.

இரண்டு கரைக்கும் ஆளுக்கு ஒரே அளவு கொடுத்தார்கள். முதல் பங்கு மந்திக்குப் போனது. சருகுமான் ஒரு கிழங்கைத் தின்று, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி நடுக்கோட்டுக்கு வந்தது.

"டொக்!"

"கபடி, கபடி, கபடி..."

காடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. சருகுமான் பாய்ந்தது, ஓரத்தில் நின்ற முள்ளம்பன்றியைத் தொட்டது, திரும்பியது. கோட்டுக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது காட்டுப்பன்றி அதன் காலைப் பிடித்து அமுக்கியது. மற்றவையும் மேலே விழுந்தன. கொஞ்சங்கூட இரக்கமில்லை.

நாவல்மரம் ஜெயித்தது.

மணலைத் துப்பிக்கொண்டு எழுந்தது சருகுமான். "யோவ், இப்போதுதானே ஒன்றாக உட்கார்ந்தோம்! இப்படியா அமுக்குவாய்?"

"அது சாப்பாட்டுக்கு. இது ஆட்டம்" என்றது காட்டுப்பன்றி.

நீதி: ஆடுகிறவரைப் பட்டினி போட்டுவிட்டு அதற்குப் பெருமை என்று பேர் வைக்காதே.